கல் சுமந்த அசிசியார்

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் என்றதும் நம் கண்முன் வருவன சில காட்சிகள். பறவைகளுக்குப் போதித்தவர், குப்பியோ ஊரின் ஓநாயைச் சாந்தப்படுத்தியவர், 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் சிற்றூரில் மாடும் கழுதையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடியவர், 1224-இல் லா வெர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்றவர். நம் வீடுகளில் தொங்கும் படங்களும் இவற்றையே காட்டுகின்றன. தோளில் கல்லும் கையில் கரணையுமாக அவரை வரைந்த படத்தை நாம் அதிகம் காண்பதில்லை. ஆனால் இந்தப் பெரிய மனிதர் தம் வாழ்வின் திருப்புமுனையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செய்த வேலை அதுதான். இடிந்த மூன்று கோயில்களை அவர் தம் கையாலேயே பழுது பார்த்தார். கோயில் எழுந்த கதையை நினைவுகூரும் ஒரு விழா மலரில், கட்டட வேலை அறியாத ஓர் இளைஞர் அதைக் கற்றுக்கொண்ட கதையும் இடம்பெறுவது பொருத்தமே.

பிரான்சிஸ் 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் அசிசி நகரில் பிறந்தார். தந்தை பியெத்ரோ பெர்நார்தோனே பெரிய துணி வணிகர். தாயார் பெயர் பிக்கா. தந்தை வணிகத்துக்காகப் பிரான்சு நாடு சென்றிருந்த வேளையில் பிறந்த குழந்தைக்குத் தாயார் அருளப்பர் பெயரை இட்டார். திரும்பி வந்த தந்தை தமக்குப் பிடித்த நாட்டின் நினைவாகப் பிரான்சிஸ் என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கடையில் நின்று துணி அளந்து கொடுப்பதும், இரவில் நண்பர்களோடு பாட்டும் விருந்துமாகத் தெருவைச் சுற்றுவதும்தான் அவருடைய இளமை. கையில் காசு தங்காது. உடலும் வலுவானதன்று. அவரை நேரில் கண்டு வரலாறு எழுதிய செலானோ ஊர்த் தோமாஸ், அவர் உயரம் குறைந்தவர், மெலிந்த கைகளும் சிறிய பாதங்களும் உடையவர் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1198-இல் அசிசி மக்கள் திரண்டெழுந்து, ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் பேரரசரின் ஆட்கள் இருந்த கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் கற்களைக் கொண்டு தங்கள் ஊர் மதிலைக் கட்டிக்கொண்டார்கள். அப்போது பதினாறு பதினேழு வயதான பிரான்சிஸ் அங்கேதான் கல்வேலையைக் கற்றிருப்பார் என்று சில வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. ஊரே கூடிய ஆரவாரத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளை நான்கு கல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது வேறு, கோடையும் குளிரும் பாராமல் ஒற்றைச் சுவரோடு மாதக் கணக்கில் மல்லுக்கு நிற்பது வேறு.

1202-இல் அண்டை நகரான பெரூஜியாவோடு மூண்ட போரில் அவர் சிறைப்பட்டு ஏறக்குறைய ஓராண்டு கிடந்தார். விடுதலையான பிறகு நீண்ட நோய். மீண்டும் போர்வீரனாகப் புறப்பட்டு, பாதி வழியில் ஸ்பொலேத்தோ நகரிலிருந்து திரும்பிவிட்டார். அதன் பின் அவருக்கு எதிலும் பிடிப்பில்லை. குகைகளிலும் பாழடைந்த கோயில்களிலும் தனித்திருந்து மன்றாடினார். தொழுநோயாளரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியவர், ஒருநாள் குதிரையிலிருந்து இறங்கி ஒரு தொழுநோயாளரை முத்தமிட்டார்.

அசிசி நகர வாயிலுக்கு வெளியே, மலைச்சரிவில் ஒலிவ மரங்களுக்கு நடுவே, புனித தமியான் பெயரால் ஒரு சிறு கோயில் இருந்தது. சுவர் விரிந்து, கவனிப்பாரற்று, விழும் நிலையில் இருந்தது. ஏழைக் குரு ஒருவர் அங்கே இருந்தார். 1205-ஆம் ஆண்டளவில் ஒருநாள் பிரான்சிஸ் அதற்குள் நுழைந்து, மரப்பலகையில் வண்ணத்தால் தீட்டப்பட்ட பாடுபட்ட ஆண்டவரின் உருவத்தின்முன் முழந்தாளிட்டார். இடிந்து விழும் தம் வீட்டைப் பழுது பார்க்கும்படி ஆண்டவர் தம்மிடம் சொல்வதாகக் கேட்டார்.

இங்கே பல பிரசங்கிகள் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. ஆண்டவர் குறித்தது திருச்சபை என்னும் வீட்டை, பிரான்சிசோ கல்லும் சுண்ணாம்புமான வீடு என்று தவறாகப் புரிந்துகொண்டார் என்பார்கள். இருக்கலாம். ஆயினும் அந்தப் புரிதலை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம். கண்முன் விரிசல் விட்டு நிற்கும் சுவரைக் கண்டும், பெரிய பொருள் ஏதோ இருக்கும் என்று வீட்டுக்குப் போயிருந்தால், பின்னால் நாம் அறிந்த பிரான்சிஸ் உருவாகியிருப்பாரா?

முதலில் அவர் செய்தது, பணக்கார வீட்டுப் பிள்ளை எவரும் செய்யக்கூடியதுதான். கடையிலிருந்து உயர்ந்த துணிகளை எடுத்துக் குதிரையில் ஏற்றி, பொலிஞ்ஞோ நகர்ச் சந்தைக்குப் போனார். துணியை விற்றார், குதிரையையும் விற்றார், நடந்தே திரும்பி, பணம் முழுவதையும் கோயில் வேலைக்கென்று அந்தக் குருவிடம் நீட்டினார். குரு வாங்க மறுத்துவிட்டார். நேற்றுவரை கூத்தடித்துத் திரிந்த பையன் கேலி செய்கிறானோ என்ற ஐயம் ஒன்று. அவன் பெற்றோருக்கு அஞ்சியது மற்றொன்று. பிரான்சிஸ் பணப்பையைச் சன்னல் விளிம்பில் வீசிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

நன்கொடைப் பட்டியல் அச்சிடும் மலர் ஒன்றில் இதைச் சொல்வது சற்றுத் துணிச்சல்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கூரை ஒழுகும் கோயிலில் இருந்துகொண்டு, யாருடைய பணம் என்று தெரியாத பணத்தைத் தொடாமல் விட்ட அந்தக் குருவின் பெயரை வரலாறு காக்கவில்லை. அவர் மட்டும் பையை வாங்கியிருந்தால், நாலு கொத்தனார்கள் கூலிக்கு வந்து பத்து நாளில் வேலையை முடித்திருப்பார்கள். பிரான்சிஸ் கையில் ஒரு கல்லும் ஏறியிராது.

தந்தைக்குச் செய்தி எட்டியது. மகன் ஒரு மாத காலம் ஒரு நிலவறையில் ஒளிந்திருந்து, பிறகு வெட்கத்தை விட்டு ஊருக்குள் வந்தபோது, சிறுவர்கள் பைத்தியம் என்று கூவிச் சேற்றையும் கல்லையும் எறிந்தார்கள். தந்தை இழுத்துப் போய் இருட்டறையில் அடைத்தார். தந்தை வெளியூர் சென்ற சமயம் பார்த்துத் தாயார் விலங்கை அவிழ்த்துவிட்டார். 1206-இல் ஆயர் குயிதோவின் முன்னிலையில் வழக்கு வந்தது. கோயிலுக்கென்றாலும் பிறர் பணத்தைக் கொண்டு செய்யலாகாது, திருப்பிக் கொடு என்றார் ஆயர். பிரான்சிஸ் பணத்தோடு உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் காலடியில் வைத்து, இனி விண்ணகத் தந்தையே தமக்குத் தந்தை என அறிவித்தார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார். பிறகு ஆயர் வீட்டு வேலையாள் ஒருவரின் பழைய அங்கி கிடைத்தது.

அடுத்த சில வாரங்கள் அலைச்சலில் கழிந்தன. வழியில் திருடர்கள் அவரைப் பனி நிறைந்த குழியில் தள்ளினார்கள். ஒரு துறவு மடத்தின் அடுப்படியில் எடுபிடியாக இருந்து பார்த்தார். குப்பியோவில் பழைய நண்பர் ஒருவர் உடை கொடுத்தார். தொழுநோயாளரிடையே தங்கி அவர்களின் புண்களைக் கழுவினார். அதன் பின்னரே புனித தமியான் கோயிலுக்குத் திரும்பினார். இப்போது பையில் காசில்லை, கடையில்லை, குதிரையில்லை. இருந்தவை அந்த மெலிந்த இரண்டு கைகள் மட்டுமே.

கல் வேண்டும். அசிசி நகரத் தெருக்களில் நின்று பாடிக்கொண்டே கல் கேட்டார். ஒரு கல் தருபவருக்கு ஒரு பலன், இரண்டு கல் தருபவருக்கு இரண்டு பலன், மூன்று தந்தால் மூன்று என்று கூவினார். வாணிகக் குடும்பத்துப் பிள்ளையல்லவா, கணக்குப் பேசும் பழக்கம் போகவில்லை போலும்! சிலர் சிரித்தார்கள், சிலர் இரங்கி அழுதார்கள், சிலர் கல்லும் கொடுத்தார்கள். கிடைத்ததைத் தோளில் வைத்துக்கொண்டு நகரிலிருந்து சரிவுப் பாதையில் கீழே இறங்குவார். வெறுந்தோளோடு மேலே ஏறுவார். ஊர்க்கோயில் வேலைக்குக் கல்லும் மண்ணும் சுமந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் தங்கள் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஏற்றத்தில் சுமப்பது மூச்சை வாங்கும். இறக்கத்தில் சுமப்பது முழங்காலை வாங்கும்.

கல் வந்து குவிந்துவிட்டால் சுவர் எழுந்துவிடாது. அந்த நாட்டில் சுபாசியோ என்னும் மலை இருக்கிறது; அசிசி நகரமே அதன் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மலையின் கல் சுண்ணாம்புக் கல். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். ஊரின் வீடுகளும் கோயில்களும் இன்றும் அந்த நிறத்தில்தான் நிற்கின்றன. இவ்வகைக் கல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. மலையில் எப்படிப் படுத்துக் கிடந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் நாளடைவில் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். இதைப் புதியவருக்கு யாராவது சொல்லித் தந்தாக வேண்டும். பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

சாந்து விஷயமும் அப்படியே. அக்காலத்தில் சிமெண்டு ஏது? சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வேகவைத்து, நீர் ஊற்றி நீற்ற வேண்டும். அப்போது அது கொதித்துப் பொங்கும். தெறித்தால் கண்ணைக் கெடுக்கும். வெறுங்கையால் குழைத்தால் விரல் நுனியெல்லாம் வெந்து வெடிக்கும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அளவு பார்த்துக் கலந்து புரட்ட வேண்டும். மணல் மிஞ்சினால் உதிரும். சுண்ணாம்பு மிஞ்சினால் காயும்போது வெடிக்கும். வைக்கும் கல்லை முதலில் நனைக்க வேண்டும். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட, பிடிப்பு இல்லாமல் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து மெல்ல மெல்லத்தான் இறுகும். ஆர்வத்தில் ஒரே நாளில் ஆள் உயரம் எழுப்பினால், மறுநாள் காலை சுவர் வயிறு தள்ளி நிற்கும். பனிக்காலத்தில் ஈரச் சாந்து உறைந்து பொடியாகிவிடும் என்பதால் அந்த நாட்டில் குளிருக்குமுன் வேலையை நிறுத்தி மூடி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலையன்று. பிரான்சிஸோ பிறவி அவசரக்காரர்!

புதுச் சுவர் கட்டுவதைவிடப் பழைய சுவரைப் பழுது பார்ப்பது இன்னும் கடினம் என்பதை நம் ஊர்க் கொத்தனார் எவரைக் கேட்டாலும் சொல்வார். எது தளர்ந்த கல், எது உறுதியான கல் என்று தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இடுக்கில் ஓடிய வேரைப் பிடுங்க வேண்டும். தளர்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, தூசியைக் கழுவி, பழைய வரியில் புதிய கல் பல்லுக்குப் பல்லாகப் பிடிக்கும்படி கோக்க வேண்டும். மேல்வரிக் கல் கீழ்வரி இணைப்பின்மேல் ஏறி உட்கார வேண்டும்; இணைப்புக்கு நேரே இணைப்பு வந்தால் அங்கேதான் அடுத்த விரிசல். இரு முகமும் கல் வைத்து நடுவே சில்லும் சாந்தும் நிரப்பும் சுவரானால், இடையிடையே சுவரின் முழுக் கனத்துக்கும் நீளும் நெடுங்கல் ஒன்றைக் குறுக்கே போட வேண்டும். இல்லாவிட்டால் இரு முகமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துபோகும். நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவது குண்டுக்கு நேராக இராது.

தோமாஸ் செலானோ இந்த வேலையைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். பிரான்சிஸ் அடித்தளத்தைப் பெயர்த்தெறிந்து புதிதாகக் கட்டவில்லை. பழைய அடித்தளத்தின் மேலேயே எழுப்பினார் என்கிறார். செலானோ அதில் ஞானப்பொருள் காண்கிறார். காணட்டும். எனக்கோ அதைப் படிக்கும்போது, முந்தைய தலைமுறை யாரோ போட்டுவைத்த நல்ல வரியைத் தட்டிப் பார்த்து, இது தாங்கும் என்று விட்டுவைத்த ஒரு வேலைக்காரரின் கைதான் தெரிகிறது. புதியவர்கள் சாதாரணமாக முழுவதையும் இடித்துவிடத்தான் துடிப்பார்கள்.

தனியாகவே எல்லாவற்றையும் செய்தார் என்றும் எண்ண வேண்டாம். புனித கிளாரம்மாள் தம் இறுதிச் சாசனத்தில் ஒரு காட்சியைப் பதிந்திருக்கிறார். பிரான்சிஸ் அந்தக் கோயில் சுவரின்மேல் ஏறி நின்று, அக்கம்பக்கத்து ஏழைகளைப் பார்த்துப் பிரெஞ்சு மொழியில் உரக்க அழைத்தாராம்: வந்து கைகொடுங்கள், ஒருநாள் இங்கே புனிதமான பெண்கள் வாழ்வார்கள் என்று. மகிழ்ச்சி பொங்கும்போதும் கூச்சம் மிஞ்சும்போதும் அவருக்குத் தந்தையின் வாணிக மொழியான பிரெஞ்சுதான் வாயில் வரும். அந்த அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் கூலியாட்கள், விவசாயிகள். சுண்ணாம்பு நீற்றவும் சாரம் கட்டவும் அவர்களுக்குத் தெரியும். பட்டுத் துணியின் தரத்தை விரலால் தடவி அறிந்த பிள்ளை, இப்போது அவர்கள் கையைப் பார்த்துக் கற்க வேண்டியவரானார். அவருடைய தாழ்ச்சியைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். சித்தாளாக நின்று, படிக்காத ஒருவர் அந்தக் கல் சரியில்லை எடு என்று சொல்ல, எடுத்து வைப்பதில் உள்ள தாழ்ச்சியைத்தான் அதிகம் எழுதக் காணோம்.

வேலையின் களைப்பைக் கண்டு இரங்கிய கோயில் குரு, தாம் ஏழையாயிருந்தும் அவருக்கென்று தனியாக நல்ல உணவு சமைத்து வைத்தார். சில நாள் சாப்பிட்ட பிரான்சிசுக்கு உறைத்தது: போகிற இடமெல்லாம் இப்படி ஒரு குரு சமைத்து வைப்பாரா? கையில் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மிச்சம் மீதியை வாங்கினார். எல்லாம் ஒன்றாய்க் கலந்த அந்தச் சட்டியைப் பார்த்ததும் குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு உண்டார். பிறகு குருவிடம் வந்து, இனித் தமக்காகச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோயில் விளக்குக்கு எண்ணெய் கேட்கப் போனபோது நடந்தது இன்னொன்று. ஒரு வீட்டு வாயிலில் பழைய கூட்டாளிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கல் கேட்க வெட்கப்படாதவருக்கு அவர்களைக் கண்டதும் வெட்கம் பிடுங்கியது, திரும்பி நடந்தார். சற்றுத் தூரம் போனதும் தம்மையே நொந்துகொண்டு மீண்டும் வந்து, அத்தனை பேர் முன்னாலும் தாம் வெட்கப்பட்டு ஓடியதை ஒப்புக்கொண்டு, பிரெஞ்சில் எண்ணெய் கேட்டார்.

வீட்டாரின் பேச்சோ கல்லைவிடக் கனமாயிருந்தது. தெருவில் காணும்போதெல்லாம் தந்தை சபித்தார். ஒரு கிழப் பிச்சைக்காரரைத் துணைக்கு அழைத்து, தந்தை சபிக்கும்போதெல்லாம் தம்மை ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொண்டார் பிரான்சிஸ். குளிர்காலக் காலையொன்றில் கந்தல் உடையில் நடுங்கியபடி மன்றாடிக்கொண்டிருந்த அவரைக் கண்ட உடன்பிறந்த தம்பி, ஒரு காசுக்கு வியர்வை விற்பானா என்று கேட்டு வரும்படி பக்கத்திலிருந்தவரை ஏவினார். அதை ஆண்டவருக்கே நல்ல விலைக்கு விற்கப்போவதாகச் சிரித்துக்கொண்டே பதில் வந்தது.

புனித தமியான் கோயில் நிமிர்ந்தது. அடுத்து, நகருக்கு வெளியே புனித இராயப்பர் பெயரால் இருந்த மற்றொரு கோயில். மூன்றாவது, அசிசிக்குக் கீழே சமவெளியில், காட்டுக்கு நடுவே கிடந்த சம்மனசுகளின் மாதா சிற்றாலயம். போர்சியுங்குலா என்று பெயர். சிறு பங்கு என்று பொருள். சுபாசியோ மலையில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுக்கு அது சொந்தம். இந்த மூன்றாவது வேலையின்போது ஆட்கள் சேர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. கிளாரம்மாள் இறந்தபின் 1253-இல் நடந்த புனிதர் பட்ட விசாரணையில் அவருடைய தோழி ஒருவர் சொன்னது அது. கிளாரா இன்னும் தந்தை வீட்டில் இளம்பெண்ணாக இருந்த காலத்தில், போர்சியுங்குலாவில் வேலை செய்கிறவர்கள் இறைச்சி வாங்கி உண்ணட்டும் என்று தம் கையில் காசு கொடுத்து அனுப்பினாராம். சுவர் எழும்ப வேண்டுமானால் தூக்குகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும் என்பது மாளிகையில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கோயில் வேலைகளிலும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சியவர்களின் பெயர் கல்வெட்டில் வருவதில்லை.

போர்சியுங்குலாவின் வேலை முடிந்த சமயம், 1208-ஆம் ஆண்டளவில் புனித மத்தியாஸ் திருநாளில் என்பது மரபு, அங்கே நடந்த பூசையில் வாசிக்கப்பட்ட நற்செய்தி அவரைத் தாக்கியது. சீடர்கள் பொன்னோ பையோ மிதியடியோ கோலோ இன்றிப் போதிக்கப் போகவேண்டும் என்னும் பகுதி அது. அந்த இடத்திலேயே மிதியடியையும் கோலையும் எறிந்தார். வாரைக் கழற்றிவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். கொத்து வேலை அதோடு நின்றது; போதிக்கும் வேலை தொடங்கியது.

ஆனால் கல் கணக்கு ஒன்று பாக்கியிருந்தது. அசிசியின் செல்வரான பெர்நார்து தம் உடைமை எல்லாவற்றையும் விற்று, பிரான்சிசோடு சேர்ந்து ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சில்வெஸ்தர் என்னும் குரு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புனித தமியான் கோயில் வேலைக்குத் தாம் கொடுத்த கல்லுக்குச் சரியான விலை தரவில்லை என்று முறையிட்டார். கோயிலுக்குக் கொடுத்த கல்லுக்கு இப்போதா விலை என்று நமக்குக் கோபம் வருகிறது. பிரான்சிஸ் வாதாடவில்லை. பெர்நார்தின் அங்கிக்குள் கையை விட்டு, எண்ணாமலே கை நிறையக் காசை அள்ளிக் கொடுத்தார். மறுபடியும் அள்ளிக் கொடுத்துப் போதுமா என்று கேட்டார். மகிழ்ச்சியோடு வீடு திரும்பிய சில்வெஸ்தரை அந்தக் காசு சில நாள் உறங்கவிடவில்லை. பின்னர் அவரும் வந்து சேர்ந்தார். பிரான்சிசின் சபையில் சேர்ந்த முதல் குரு அவரே.

1209-ஐ ஒட்டிப் பன்னிருவராய் உரோமைக்குச் சென்றபோது, பாப்பரசர் 3-ஆம் இன்னோசென்ட் ஒரு கனவு கண்டதாக வரலாறுகள் கூறும். இலாத்தரன் பேராலயம் சாய்கிறது. எளிய மனிதர் ஒருவர் தோள் கொடுத்து அதைத் தாங்கி நிற்கிறார். அசிசிப் பேராலயச் சுவரில் இதை ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார்கள். மெய்யாகவே கல் சுமந்து தழும்பேறிய தோள் என்பதை அறிந்து பார்க்கும்போது அந்த ஓவியம் வேறுவிதமாகத் தெரிகிறது.

ஆசீர்வாதப்பர் சபையினர் போர்சியுங்குலாவைச் சகோதரர்களின் இருப்பிடமாக விட்டுக்கொடுத்தார்கள். அது தமக்குச் சொந்தமன்று என்பதைக் காட்ட ஆண்டுதோறும் ஒரு கூடை சிறுமீனை வாடகையாக அனுப்பிவைத்தார் பிரான்சிஸ். மடத்தார் பதிலுக்கு ஒரு சாடி எண்ணெய் அனுப்பினார்கள். ஒருமுறை அவர் ஊரில் இல்லாத சமயம், சகோதரர் பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கட்டும் என்று அசிசி நகரத்தார் அங்கே கல்லும் சுண்ணாம்புமாகப் பெரிய வீடு ஒன்றை எழுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து கண்டவர் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பெயர்த்து எறியத் தொடங்கினார். சகோதரர்களையும் ஏறச் சொன்னார். வீடு நகரத்தாருக்குச் சொந்தம் என்று அங்கிருந்த வீரர்கள் எடுத்துச் சொன்ன பிறகே இறங்கினார். கட்டத் தெரிந்தவருக்கு இடிக்கவும் தெரியும்! ஆனால் எதைக் கட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதில் அவருக்கும் ஊராருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவர் இறந்த இரண்டாம் ஆண்டே, 1228-இல், அவர் பெயரால் மாபெரும் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள்.

கைவேலையை அவர் மறந்ததில்லை. 1221-ஆம் ஆண்டு ஒழுங்கில், சகோதரர்கள் தாங்கள் அறிந்த தொழிலைச் செய்யலாம், அதற்குரிய கருவிகளை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். எதையுமே சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று வற்புறுத்தியவர் கருவிக்கு மட்டும் இடம் கொடுத்தார். 1226-இல் நோயில் கிடந்து எழுதுவித்த சாசனத்தில், தாம் கையால் உழைத்ததையும் இன்னும் உழைக்க விரும்புவதையும் சொல்லி, தொழில் அறியாத சகோதரர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று கட்டளையிட்டார். கூலிக்கு ஆசைப்பட்டு அன்று. முன்மாதிரிக்காகவும் சோம்பலை விரட்டவும். கூலி கிடைக்காத நாளில் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

மரணம் நெருங்கியபோது தம்மைப் போர்சியுங்குலாவுக்குத் தூக்கிச் செல்லும்படி கேட்டார். 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை, தாம் பழுது பார்த்த அந்தச் சிற்றாலயத்தின் அருகே, வெறுந்தரையில் கிடந்து உயிர் நீத்தார். பிற்காலத்தில், 1569-இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, அந்தச் சிற்றாலயத்தின் மேலேயே பெரிய பேராலயம் கட்டினார்கள். 1832-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் பேராலயத்தின் நடுப்பகுதி சரிந்தது. கோபுரக் கூண்டும் அதன்கீழிருந்த சிறிய போர்சியுங்குலாவும் நின்றன. இன்றும் பளிங்குத் தரையின் நடுவே, வீட்டுக்குள் வீடுபோல அது நிற்கிறது.

இறந்த மறுநாள் காலை அவருடைய உடலை அசிசிக்குத் தூக்கிச் சென்றவர்கள் நேர்வழியே போகவில்லை. புனித தமியான் கோயில் வழியாகச் சுற்றிச் சென்றார்கள். அவர் சுவர்மேல் நின்று சொன்னபடியே அங்கே கிளாரம்மாளும் சகோதரிகளும் 1212-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து வாழ்ந்துவந்தார்கள். அடைபட்ட மடம், வெளியே வர இயலாது. சகோதரிகள் நற்கருணை வாங்கும் சிறிய சன்னலின் கம்பியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அவர்கள் பார்த்து அழுது, அந்தக் கைகளை முத்தமிடும்வரை உடலைச் சன்னலருகே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.